சன்ஷேடு மேல் உட்கார்ந்திருந்த கண்டக்டர்

அண்ணே,

வாசலில் பெயிண்டர் ஏணி போட்டு நிற்கிறார். "அக்கா, அந்த எடத்தையும் அடிச்சிரவா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்றாவது முறை, அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். பெயிண்ட் வாசனை தையல் அறை வரைக்கும் வருகிறது. அந்த வாசனைதான் என்னை எழுத உட்கார வைத்தது என்று சொன்னால், "பெயிண்ட்டு மேல பழியப் போடாத, ஒனக்கு வேலை செய்ய ஒடம்பு வணங்கல" என்பீர்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அந்த இடம் எது என்று உங்களுக்குத் தெரியாது. வாசல் சன்ஷேடுக்கு மேலே, சுவரில், ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு வெறும் சிமெண்ட் பூச்சு தெரிகிறது. தலை, தோள், வயிறு எல்லாம் துல்லியமாக இருக்கும். சுற்றிலும் மஞ்சள் பெயிண்ட். முதலில் அடித்தவர்கள் உங்களை நகர்த்தப் பயந்து உங்களைச் சுற்றியே அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். உங்களை என்றா எழுதினேன்? பொம்மையை. எனக்கே அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் புது வீட்டு நெற்றியில் தேமல் மாதிரி அது எதற்கு? நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே அடிக்கச் சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் பஸ்ஸில் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம்தான் நான் வீடு கட்டத் தொடங்கினேன். அரிமளம் ரோட்டில் தைலமரக் காட்டை ஒட்டி, உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், குவைத்தில் லாரி ஓட்டி வாங்கிய இடம். அவர் அங்கிருந்து வீடியோவில் வந்து போர்டிகோ எங்கே, பால்கனி எங்கே என்று கேட்பார். எனக்கு வேண்டியது வேறு. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறேன். ஒருத்தி அளவில் இன்னொருத்திக்குத் தைத்ததில்லை. ஆனால் நான் குடியிருந்த வாடகை வீடுகள் எல்லாம் யாரோ ஓர் ஆறடி ஆளுக்குக் கட்டியவை. அடுப்பு மேடை என் நெஞ்சுக்கு வரும். சுவிட்சைப் போட எக்க வேண்டும். எனக்கு என் அளவில் ஒரு வீடு வேண்டும் என்று உங்களிடம் சொன்னேன். "அம்புட்டுத்தானே? விடு, நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். அந்த நிமிடமே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் திருவரங்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினீர்கள். கழுத்தில் விசில். கொத்தனார் கருப்பையாவைக் கூப்பிட்டு, "ஒரு விசில் அடிச்சா நிப்பாட்டணும். ரெண்டு அடிச்சா போகணும். வெளங்குதா?" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் செங்கல் குவியலைப் பார்த்தேன். அன்றிலிருந்து கலவை மெஷின்கூட உங்கள் விசிலுக்குத்தான் சுற்றியது. டீ வந்தால் ஒரு விசில், டீ குடித்து முடித்தால் இரண்டு விசில். சித்தாள் பெண்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் திட்டினார்கள். மூன்றாம் வாரம் நீங்கள் பல் வலி என்று வராத ஒருநாள், டீ குடித்த டம்ளரோடு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு அடிக்கலையேக்கா" என்றார்கள்.

அடுப்பு மேடை போட்ட நாள் நினைவிருக்கிறதா? "அக்கா, ஊருக்கே ரெண்டே முக்கால் அடிதான். கொறச்சா பாக்குறவுங்க என்னையத்தான் பேசுவாங்க" என்று கருப்பையா மல்லுக்கு நின்றார். "பாக்குறவுங்களா வந்து சோறாக்கப் போறாங்க?" என்று நீங்கள் அவரை ஓரங்கட்டிவிட்டு, செங்கல்லை அடுக்கி மேலே ஒரு பலகையைப் போட்டு என்னை முன்னால் நிறுத்தினீர்கள். கையில் கொத்துக் கரண்டியைக் கொடுத்து, "வெங்காயம் வெட்டு" என்றீர்கள். எங்கே வெங்காயம்? நான் வெறும் பலகையில் இல்லாத வெங்காயத்தை வெட்டினேன். "தோளு தூக்குது. கருப்பையா, ஒரு கல்லை எடு. இப்ப வெட்டு. ம். இப்ப இட்லிச் சட்டிய எறக்கு. பாத்து, ஆவி மூஞ்சில அடிக்கும்." மொத்த ஆட்களும் வேலையைப் போட்டுவிட்டு, நான் காற்றில் இட்லி அவிக்கிறதை வேடிக்கை பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்த மேடையில் இன்றைக்கு நின்று சமைக்கும்போது எனக்கு முதுகு வலிப்பதில்லை அண்ணே.

உங்கள் பங்குக்கு நீங்களும் சிலதைச் சேர்த்தீர்கள். முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விசேஷ வீட்டில் நெரிசலாகிவிடும் என்றீர்கள். எல்லா அறையிலும் ஜன்னலுக்குக் கீழே உட்கார ஒரு சிலாப் வைக்கச் சொன்னீர்கள். "ஜன்னலோரம் கெடைக்கலன்னு மூஞ்சியத் தூக்காத ஆளை முப்பது வருசத்துல நான் பாத்ததில்ல" என்பது நீங்கள் சொன்ன காரணம். கருப்பையா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அண்ணே, கம்பியும் மேல ஒரு லைனு ஓட்டிரவா, நிக்கிறவுங்க பிடிச்சுக்க?" என்று கேட்டார். நீங்கள் அதைக் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தீர்கள்.

சுவர் வாசலுக்கு மேலே லிண்டல் மட்டத்துக்கு வந்து சன்ஷேடும் போட்டதும், ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். திருஷ்டி பொம்மை கட்டிவிடுங்கள் என்றார் கருப்பையா. எல்லாரும் என்ன செய்வார்கள்? கிழிந்த பேண்ட்டில் வைக்கோலை அடைத்து, சட்டியைக் கவிழ்த்து மீசை வரைந்து தொங்கவிடுவார்கள். எனக்கு அது முடியாது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று ஒன்றை என் வாசலில் நான் எப்படி மாட்டுவேன்? நாளைக்கு யார் என்னிடம் துணி கொடுப்பார்கள்? நான் சாக்குத் துணியை வெட்டி முறையாக உடம்பு தைத்து வைக்கோலை அடைத்தேன். பழைய சட்டை ஒன்று வேண்டும் என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்தது உங்கள் காக்கிச் சட்டை. கடைசி நாள் டியூட்டிக்குப் போட்டது. "அண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரிஞ்சா குடுப்பாளா?" என்றீர்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், உங்களை மாதிரி செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சட்டையை மாட்டினேன், தோள் சரியாக உட்காரவில்லை. தோல் பையைச் சுமந்து சுமந்து உங்கள் இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும், அந்தச் சட்டையும் அப்படியே பழகியிருந்தது. அதற்காகப் பொம்மையின் இடது தோளைக் கொஞ்சம் இறக்கினேன். பட்டன் தொளதொளத்தது, வயிற்றில் இன்னும் இரண்டு பிடி வைக்கோல். கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, தலைக்கு மட்டும் எல்லாரையும் போலச் சட்டியைக் கவிழ்த்தேன். சன்ஷேடில் தூக்கி உட்காரவைத்து, சவுக்குக் கம்போடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கருப்பையா கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு நம் ரோட்டில் நடந்த கூத்தை எழுத ஒரு நோட்டு வேண்டும். அரிமளம் பஸ் டிரைவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துக் கை காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் கீழே நின்று, திருமயம் வண்டி போய்விட்டதா என்று பொம்மையிடம் கேட்டு, பதில் வராத கோபத்தில், "ரிட்டயராயும் இவனுக்குத் திமிரு அடங்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்களுக்குத்தான் கொண்டாட்டம். "எனக்கு லீவு. இன்னைக்கு அவனுக்கு டியூட்டி" என்று விசிலைப் பொம்மையின் கழுத்தில் மாட்டிவிட்டு, தைலமர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவீர்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அரிமளத்தில் ஒரு துட்டி வீட்டில் துக்கம் கேட்க அண்ணி அந்தப் பக்கம் பஸ்ஸில் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். சர்க்கரையும் பிரஷரும் உள்ள மனிதர் தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல் சன்ஷேடு மேல் உட்கார்ந்திருக்கிறார். "யோவ், எறங்குய்யா!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து அண்ணி போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்துவிட்டார். இறங்கி ஓடி வந்தவர், கிட்டே வந்த பிறகுதான் சட்டி முகத்தைப் பார்த்தார். அதற்கு அப்புறம் சட்டையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நீங்கள் தைலமரத்தடியிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து வந்தீர்கள்.

"உசுரோட இருக்கிற மனுசன் சட்டைய எந்தக் கூறு கெட்டவளாச்சும் திருஷ்டி பொம்மைக்குப் போடுவாளா? இவ வீட்டுக்கு வர்ற கண்ணெல்லாம் இவரு மேல விழவா?" என்று அண்ணி என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன்டி, முப்பது வருசமா பஸ் நிக்காமப் போனப்பல்லாம் ஊரே வையாத வசவா? அதுலயே ஒண்ணும் ஆகல" என்று நீங்கள் சிரித்தீர்கள். அண்ணி சிரிக்கவில்லை. வந்த பஸ் போய்விட்டதால் அரை மணி நேரம் ரோட்டோரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்.

கூரை கான்கிரீட் போட்டு சென்ட்ரிங் பலகை பிரித்த மறுவாரம், ஊர் டீக்கடையில் டீயை வாங்கிக் கையில் பிடித்தபடியே போய்விட்டீர்கள். இதை எப்படி எழுதினாலும் எனக்குச் சரியாக வரவில்லை, அதனால் இவ்வளவோடு விடுகிறேன்.

துட்டி வீட்டில் யாரோ ஒருத்தி பொம்மை என்று சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணி காதிலும் விழுந்திருக்கும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு பேச்சு நின்றுபோனது. எனக்கு இந்தக் கண்ணேறு காத்துக்கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கால் நின்றுவிடும். இந்தக் கைதானே அந்தத் தோளை இறக்கித் தைத்தது என்று தோன்றும்.

மூன்று மாதம் கழித்து வேலையை மறுபடி ஆரம்பித்தோம். பொம்மை அங்கேயே இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டுப் பூசுங்கள் என்று கருப்பையாவிடம் சொன்னேன். "அக்கா, அண்ணனை நான் எப்படிக்கா எறக்குறது?" என்றார். பூசும்போது பின்னால் கையை விட்டு எப்படியோ பூசிவிட்டார், தொடவில்லை. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் மணமேல்குடிப் பக்கத்து ஆட்கள், உங்களை அறியாதவர்கள். அவர்களையும் கருப்பையா கதை சொல்லியே பயமுறுத்தி வைத்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்து துக்கம் கேட்க வந்த நம் சித்தப்பா மகன், பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். துக்கத்தைப் போனில்தான் கேட்டான்.

பால் காய்ச்ச நாள் குறித்தோம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் எப்படிப் புது வீட்டில் கால் வைப்பது? அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள்தான். நீங்களும் போன பிறகு அண்ணிதான். அண்ணி வராவிட்டால் எனக்குப் பிறந்த வீடே இல்லை என்றாகிவிடும். ஊர் என்ன பேசும் என்பதுகூட இரண்டாம்பட்சம். நானே என்னை எப்படி நினைத்துக்கொள்வேன்?

அந்தச் சமயத்தில்தான் உங்களிடம் தொழில் பழகிய அரிமளம் வண்டிக் கண்டக்டர் பேண்ட் தைக்கக் கொடுக்க வந்தார். "அக்கா, அண்ணி வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நம்ம வண்டில வாராங்களே, வீட்டுக்கு வரலையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அரிமளம் வரைக்கும் வாராங்க. எறங்குறதில்ல. அதே வண்டில, அந்தப் பக்கத்து ஜன்னல் சீட்டுக்கு மாறி உக்காந்து திரும்பிப் போயிர்றாங்க. நான் என்னன்னு கேக்குறது?" என்றார். என் வீட்டைப் பார்த்து வயிறெரிந்து சாபம் விடத்தான் வாரா வாரம் வருகிறார் என்று நான் முடிவு கட்டினேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று விட்டது இதற்குத்தானா என்று அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

இருந்தாலும் போகாமல் இருக்க முடியுமா? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பூ பழம் வைத்துக்கொண்டு திருவரங்குளம் போனேன். அண்ணி முற்றத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். "வா" என்றார். தட்டை முன்னால் வைத்தேன். எடுக்கவில்லை.

"அண்ணி, நான் செஞ்சது தப்புத்தான். அந்தச் சட்டைய நான் வாங்கியிருக்கக் கூடாது. அந்தக் கண்ணேறுதான் அண்ணன..." என்று ஆரம்பித்தேன்.

"கண்ணேறா? மூணு வருசமா டாக்டரு பீடிய விடச் சொன்னாரு. ஒம் பொம்மையா பீடி குடிச்சுச்சு?"

"அப்பறம் ஏன் அண்ணி ஏங்கூடப் பேசல?"

அண்ணி கடலையை உடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். "பால் காச்சணும்னா பொம்மைய எறக்கிட்டுத்தானே காச்சுவ?"

"ஆமா அண்ணி. அதான மொறை."

"அவர எறக்குறதுக்கு நான் சீரு வேற தூக்கிட்டு வரணுமாக்கும்?"

அப்போதுதான் அண்ணே எனக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை பஸ், இறங்காத அரிமளம், ஜன்னல் சீட்டு எல்லாம் விளங்கியது. வாரத்தில் ஒரு நாள், பஸ் நம் வீட்டைத் தாண்டுகிற அந்தக் கொஞ்ச நேரம், போகையில் ஒரு முறை, வருகையில் ஒரு முறை, அண்ணி உங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் அதைச் சாபம் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு வந்த அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

"நான் பால் காச்சல அண்ணி. பொம்மை இருக்கட்டும். நீங்க எப்பச் சொல்றீங்களோ அப்பக் காச்சிக்கிறேன். வாடகை வீடு எனக்குப் பழகுனதுதான்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தோளு கரெக்டா வச்சிருந்த. எடப்பக்கம் எறக்கம். பஸ்ஸுலருந்து பாத்தா அவரேதான். வயித்தத்தான் கொஞ்சம் கொறச்சுப்புட்ட."

"வைக்கோலு பத்தல அண்ணி."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து, அழுது, மறுபடி சிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணியே சொன்னார். "போன வாரம் மழை செல்வி. தெப்பலா நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பஸ்ஸுல உக்காந்து நான் என்ன செய்ய முடியும்? போதும். எறக்கிருவோம்." சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் மத்தியானமே அண்ணி வந்துவிட்டார். கருப்பையா ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்தேழு வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்ணி மேலே ஏறினார். யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். மேல் பட்டன் மழையில் நனைந்து இறுகிப் போயிருந்தது, அதோடு கொஞ்சம் போராடினார். சட்டையைக் கழற்றி உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான், "இந்தா, வைக்கோல எடுத்துக்க" என்று கீழே தள்ளிவிட்டார். கருப்பையா அதைக் கொண்டுபோய் முச்சந்தியில் கொளுத்தினார். ஏணியிலிருந்து இறங்கிய கையோடு அண்ணி உள்ளே போய் அடுப்பு மேடை முன்னால் நின்று பார்த்துவிட்டு, "என்ன இம்புட்டுக் குட்டையா இருக்கு? யாரு கட்டுனா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை சீர் வந்தது. அண்ணி தாம்பாளத்தோடு முன்னால் வந்தார். என் மாமியார் வழிப் பெரியம்மா ஒருத்தி, "தட்ட வேற ஆருகிட்டயாச்சும் குடுத்துட்டு அவ பின்னால வரட்டும்" என்று முணுமுணுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு நின்னு கட்டுன வீடு. நான் முன்னால போகாம வேற ஆரு போறது?" பெரியம்மா வழி விட்டாள். அண்ணிதான் முதலில் வலது காலை எடுத்து வைத்தார். நான் பின்னால் போனேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் அதே வண்டியில் வருகிறார். நம் வீட்டு வாசலில் இறங்கிவிடுகிறார். குழம்பில் புளி தூக்கல், சித்தாள் பெருக்கிய மாதிரி பெருக்கியிருக்கிறாய் என்று நாளெல்லாம் குறை சொல்லிவிட்டு நாலு மணி வண்டிக்குக் கிளம்புவார். எனக்குப் பிறந்த வீடு இருக்கிறது அண்ணே. அது வாரத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் வந்து என்னை வைதுவிட்டுப் போகிறது.

போன வெள்ளிக்கிழமை அந்தக் காக்கிச் சட்டையைக் கொண்டுவந்தார். துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்திருந்தது. "வீணா பொட்டில கெடக்குது. எனக்கு அளவு பிடிச்சுக் குடு. நூறு நாள் வேலைக்குச் சேலை மேல போட்டுக்கிறேன், வெயிலுக்கு ஆகும்" என்றார். நிற்கவைத்து அளவெடுத்தேன். இரண்டு பக்கமும் நாலு விரல் பிடிக்க வேண்டியிருந்தது. தோளைச் சமமாக்கி, கையைச் சுருக்கி, நேற்று தைத்து முடித்தேன்.

பிடித்த துணி உள்பக்கம் நிறைய மிஞ்சியது. எவ்வளவு பிடித்தாலும் மிச்சத்தை வெட்டி ஓரம் அடிப்பதுதான் என் வழக்கம். இதில் வெட்டவில்லை, அப்படியே உள்ளே மடித்துத் தைத்துவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை, காலையில் வந்ததும் அண்ணி போட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள உறுத்துதே, வெட்டியிருக்கலாம்ல?" என்றார். "பின்னால நீங்க குண்டானா பிரிச்சு விட்டுக்கலாம் அண்ணி" என்று சொல்லிவைத்தேன்.

அது பொய். அந்தத் தையலைப் பிரித்தால் வருவது உங்கள் அளவு, அண்ணே. வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் தங்கை,
செல்வி